காலோடு தலைமறைவான எர்லீன் அக்கா

மனிதகுலத்தின் பாரத்தைக் குறைப்பதற்கென்றே அவதரித்த நிறுவனங்கள் உலகில் பல உண்டு. ஆனால் குறைத்த பாரத்தைத் தராசில் வைத்தே நிரூபிக்கக்கூடிய ஒரே நிறுவனம், மிஸிஸிப்பி டெல்டாவிலுள்ள எங்கள் டோலிவர் மாவட்ட மருத்துவமனைதான். உள்ளே இரண்டு காலோடு வந்த பலர் ஒற்றைக் காலோடு வெளியே போயிருக்கிறார்கள். இரண்டாம் முறை வந்தவர்கள் செருப்பு வாங்கும் கவலையே இல்லாமல் போயிருக்கிறார்கள்.

நான் லெமுவேல் ஸ்பென்ஸ், அந்த மருத்துவமனையின் மக்கள் தொடர்பு அதிகாரி. மருத்துவமனைக்கும் மக்களுக்கும் எந்தத் தொடர்பும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் பணி.

எங்கள் பக்கம் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது சகஜம். முதலில் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் விட்டுவிடும். பிறகு விரலில் ஒரு புண் வந்து, ஆறமாட்டேன் என்று அடம்பிடிக்கும். வேறு ஊர்களில் இதற்கு நெஞ்சுக்கு எடுப்பதுபோலக் காலுக்கும் ஓர் ஆஞ்சியோ எடுத்து, அடைப்பு எங்கே என்று பார்த்து, திறக்க வழியுண்டா என்று தேடி நேரத்தை வீணாக்குகிறார்கள். எங்கள் அறுவை நிபுணர் டாக்டர் வின்ஸ்லோ அப்படிச் சுற்றிவளைப்பவர் அல்ல. முழங்காலுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போடுவார். மிகவும் நேர்மையானவர்; கோடுகூட நேராகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் மருத்துவமனைக்குப் பெரிய நன்கொடை ஒன்று வந்தது. அதில் ஆஞ்சியோ மெஷின் வாங்குவதா, செயற்கைக் கால் மையம் கட்டுவதா என்று முடிவெடுக்க நிர்வாகக் குழு கூடியது. குழுவின் தலைவர் திரு. பக்னெல். கெளுத்தி மீன் குளங்கள், மீன் ஆலை, ஆலைக்குப் போகும் ரோடு, அந்த ரோட்டில் நடந்து வேலைக்குப் போகும் பாதி ஊர் எல்லாம் அவருடையது.

"அந்த மெஷின் என்னய்யா பண்ணும்?" என்று கேட்டார் தலைவர்.

"அடைப்பு எங்க இருக்குன்னு காட்டும்" என்றார் வின்ஸ்லோ.

"காட்டிட்டு?"

"காட்டிட்டு சும்மா இருக்கும்."

"அதுக்கு ரிப்பன் எங்க கட்டறது?"

கேள்வி நியாயமானது. மெஷின் ஒரு மூலை அறையில், ஜன்னல்கூட இல்லாமல் கிடக்கும். மையத்துக்கோ வாசல் உண்டு, தூண் உண்டு, தூணுக்குத் தூண் ரிப்பன் உண்டு. எனவே 'பக்னெல் செயற்கைக் கால் மையம்' ஏகமனதாக நிறைவேறியது. அதற்கு 'நடை நமதே' என்ற முழக்கத்தை அளித்தவன் அடியேன்.

திறப்பு விழாவில் புதுக் கால் போட்டு முதல் அடி எடுத்துவைக்க ஒருவர் வேண்டுமே? ஏற்கெனவே கால் போனவர்களைக் கேட்டுப் பார்த்தோம். சிலருக்கு முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டது. மற்றவர்கள் படத்துக்குச் சிரிக்க மறுத்தார்கள். அப்போதுதான் வின்ஸ்லோ, தன்னிடம் 'தகுதிவாய்ந்த' ஒரு பெண்மணி வந்திருப்பதாகச் சொன்னார். இடது கால், இரண்டாவது விரலில் புண், கறுக்கத் தொடங்கிவிட்டது, நன்றாகச் சிரிக்கிறார். காலை எடுத்து, காயம் ஆறி, புதுக் கால் பழக எத்தனை மாதம் என்று திறப்பு விழாவிலிருந்து பின்னோக்கி எண்ணி, அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

அந்தப் பெண்மணி என் சொந்த அக்கா எர்லீன்.

எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் எந்த விழாவிலும் மேடையேறியதில்லை. எனக்குப் பெருமையில் தொண்டை அடைத்தது. நல்லவேளை, அடைத்தது தொண்டைதான்.

அக்கா தன் வாழ்நாளின் பெரும்பகுதியை பக்னெலின் ஆலையில், ரப்பர் பூட்ஸ் போட்டு, ஈரச் சிமெண்ட் தரையில் நின்று மீன் அறுத்துக் கழித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்டிஸ்ட் சபையில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, வருகிறவர்களை இடம் காட்டி உட்காரவைக்கும் குழுவுக்குத் தலைவி. வருஷத்தில் ஒரு ஞாயிறு, மாவட்டத்துச் சபைகளின் குழுக்கள் எல்லாம் அணிவகுத்து நடக்கும். அக்கா முன்னால் நடந்தால் பியானோக்காரரே அவள் காலைப் பார்த்துத்தான் தாளம் பிடிப்பார். போன வருஷம் அவள் பாதியில் நின்று, கையுறையைச் சரிசெய்வதுபோல் நடித்தாள். அதற்குப் பிறகு தெருவிலும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு நின்று அடுத்தவர் தோட்டத்து வெண்டைக்காயைப் புகழ்ந்தாள். ஊரில் எல்லாருக்கும் வெண்டைக்காயில் தலைக்கனம் வந்துவிட்டது. வலிக்கிறது என்று அவள் மருத்துவமனையில் சொன்னபோதெல்லாம் வயசு என்றார்கள், எடை என்றார்கள், சிகரெட்டை விடச் சொன்னார்கள். அவள் சிகரெட் பிடித்ததே கிடையாது. இல்லாத பழக்கத்தை விடுவது சுலபம் என்பதால் உடனே விட்டுவிட்டாள்.

வின்ஸ்லோ அறையில் கோடு போடப்பட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அக்கா அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டாக்டர், ரத்தம் ஏன் கீழ வரலைன்னு யாராவது உள்ள பாத்தீங்களா?"

"பாத்தாலும் ஒண்ணுதான் தெரியும்மா."

"என்ன?"

"ரத்தம் வரலைன்னு."

அக்கா விடவில்லை. "போன வருஷம் பக்னெல் ஐயாவுக்கும் இதே புண்ணுதானே? ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல வீட்டுச் செருப்புன்னு ஆலைக்குள்ள நொண்டிக்கிட்டு வந்தாரே. அவர மெம்ஃபிஸுக்கு அனுப்பி, உள்ள பாத்து, குழாய்க்குள்ள என்னவோ வச்சுத் திறந்து விட்டாங்களாமே?"

"அவரு கேஸு வேறம்மா."

"ரத்தம் வேறயா?"

"அவரு நடமாட்டம் உள்ளவர். கோல்ஃப் ஆடறவர்."

"அங்க மைதானத்துக்குள்ளயும் அவரு வண்டியிலதானே டாக்டர் போவாரு?"

வின்ஸ்லோ இதற்குத் தயங்கவே இல்லை. "ஏறி இறங்கணுமில்ல?"

பக்னெல் வெள்ளைக்காரர், நானும் அக்காவும் கறுப்பர்கள் என்பதை நான் இங்கே குறிப்பிடவே கூடாது. எங்கள் மருத்துவமனையில் அதையெல்லாம் யாரும் குறிப்பிடுவதில்லை. குறிப்பிடாமலே எல்லாருக்கும் விளங்கிவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். ஜாக்ஸனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோய் விடமுடியுமா என்று. அன்றைக்கு ரிப்பன் நிறம் பற்றிய ஆலோசனைக் கூட்டம் இருந்தது. சிவப்பு வைத்தால் ரத்தம் ஞாபகம் வரும் என்று ஒரு சாராரும், நீலம் வைத்தால் ரத்தம் வராத கால் ஞாபகம் வரும் என்று ஒரு சாராரும் வாதாடிக்கொண்டிருந்த நெருக்கடியான நேரம். பொதுவாழ்வில் இருப்பவன் குடும்பத்தைப் பார்த்தால் ஆகுமா? அதை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் சரி என்றாள். என் அக்கா கோபத்தில் சொல்லும் சொல் அது ஒன்றுதான்.

டோலிவரிலிருந்து ஜாக்ஸனுக்கு பஸ் கிடையாது. நோயாளிகளை ஏற்றிப்போகும் வேன் உண்டு. ஆனால் அதில் ஏற வின்ஸ்லோ எழுதித் தரவேண்டும். எடுக்கப்போகிற காலுக்கு எதற்குப் பயணம் என்பது அவருடைய நியாயம். ஆம்புலன்ஸ், சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும். எங்கள் மாவட்டத்திலிருந்து அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காகப் போய்வரும் ஒரே வண்டி, அமரர் ஊர்திதான். காலம் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தவர்களைத் திரும்ப எடுத்துவர அது அடிக்கடி போகும்.

அந்த வண்டியின் சொந்தக்காரர் ஓசியா கிரேடி. அடக்கச் சடங்கு நடத்துகிறவர். அக்காவின் சபைதான். அறுவைக்கு முந்தைய நாள் காலையில் அக்கா வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போனாள். நடந்ததை ஓசியாவே பிறகு என்னிடம் சொன்னார்.

"பிரதர், ஜாக்ஸன் போறீங்களாமே. எனக்கு ஒரு எடம் வேணும்."

ஓசியா தொழில் மரியாதையோடு கேட்டாராம்: "முன்னாடியா, பின்னாடியா சிஸ்டர்?"

"போறப்ப முன்னாடி. வர்றப்ப எதுலன்னு அங்க போய்ப் பாத்துக்கலாம்."

ஓசியா பெயருக்கேற்ப ஓசியிலேயே கூட்டிப்போனார். வழியெங்கும் எதிரே வந்த வண்டிகள் மரியாதைக்கு ஓரம் கட்டி நின்றன. அக்கா அவர்களுக்கெல்லாம் கையுறைக் கையை ஆட்டிக்கொண்டே போனாள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். அவள் கையசைத்ததைப் பார்த்ததும் அவசரமாக மறுபடி மாட்டிக்கொண்டாராம்.

மறுநாள் காலை இங்கே நாங்கள் எல்லாரும் தயார். 'பயணத்தின் தொடக்கம்' என்று தலைப்பிட்டுப் படம் எடுக்க ஆள் வந்திருந்தார். வின்ஸ்லோ கைகழுவிவிட்டார், எங்கள் மருத்துவமனை கைகழுவுவதில் பெயர்பெற்றது. நோயாளியைத்தான் காணோம். விசாரித்ததில், அமரர் ஊர்தியில் போனதைப் பார்த்ததாகத் தெருவே சொன்னது. முதலில் அனுதாபத் தீர்மானம் போட்டோம். உயிரோடு போயிருக்கிறாள் என்று தெரிந்ததும் அதை வாபஸ் வாங்கிக் கண்டனத் தீர்மானம் போட்டோம். அறிக்கையை நானே எழுதினேன்: 'மருத்துவமனையின் பராமரிப்பில் இருந்த உறுப்புடன் நோயாளி தலைமறைவு.'

ஜாக்ஸனில் ஒரு பெண் டாக்டர், இளையவர், அக்காவின் கால் மேல் இருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு யாரும் அதுவரை செய்யாத காரியத்தைச் செய்தார். இடுப்புக்குக் கீழிருந்து பாதம் வரை ஒவ்வோர் இடமாக விரல் வைத்து நாடி பார்த்தார். மறுநாள் ஆஞ்சியோ. தொடை இடுக்கு வழியாக மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்ததில், தொடையில் ஒரு நீள அடைப்பு. பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிட்டார்கள். கறுத்த விரல் தப்பவில்லை, அதை எடுத்தார்கள். கால் தப்பியது.

"இவ்வளவு நாள் ஏம்மா உங்களை இங்க அனுப்பல?" என்று அந்த டாக்டர் கேட்டாராம்.

"நான் கோல்ஃப் ஆடமாட்டேன்மா" என்றாள் அக்கா. டாக்டருக்குப் புரியவில்லை.

அடுத்த முறை ஜாக்ஸனுக்கு வந்தபோது ஓசியா அவளைப் பார்க்கப் போனார். வண்டியில் எந்தப் பக்கம் என்று கேட்கும் தைரியம் இல்லாமல் கட்டில் ஓரமாக நின்றார். அக்கா போர்வையை விலக்கி, பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் தயங்கினார். தொழிலில் அவர் எத்தனையோ பாதங்களைத் தொட்டவர். எல்லாம் ஒரே மாதிரி சில்லென்றுதான் இருக்கும். கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாராம். அக்காதான் கடைசியில், "போதும் பிரதர், எனக்கு அது வேணும்" என்றிருக்கிறாள். இதை என்னிடம் சொல்லும்போது ஓசியா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மக்கள் தொடர்பு அதிகாரி என்ற முறையில் இதுபற்றி நான் கருத்துக் கூற இயலாத நிலையில் இருந்தேன். மூக்கை மட்டும் சிந்திக்கொண்டேன்.

அக்கா முன்சீட்டிலேயே திரும்பினாள். ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. ஊருக்குள் காலில் புண் உள்ளவர்கள் ஒவ்வொருவராக ஓசியா கடைக்கு வந்து, உயிரோடிருப்பவர்களுக்கு இடம் உண்டா என்று விசாரித்தார்கள். முன்சீட்டு போதாமல் பின்னால் பெஞ்சு போட்டார். அமரர் ஊர்தியில் பாட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. போனவர்கள் எல்லாருக்கும் கால் திரும்பக் கிடைத்துவிடவில்லை. ஒருவருக்கு அங்கேயும் எடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் பார்த்துவிட்டு எடுத்தார்கள். அவர் அதைச் சொல்லும்போது ஏதோ விருது வாங்கியவர்போல் சொன்னார்.

மருத்துவமனையில் நிலைமை கவலைக்கிடமாகியது. 'கால் பற்றாக்குறை' குறித்து அவசரக் கூட்டம். மையம் கட்டி, வெள்ளையடித்து, தூணும் நிறுத்தியாகிவிட்டது. புதுக் கால் போட்டு நடக்கத்தான் ஆளில்லை. பக்னெல் இந்த ஊர் மக்களின் நன்றிகெட்டத்தனத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எர்லீன், நீ இப்ப நல்லா நடக்கறியாமே."

"நடக்கறேன் ஐயா."

"விழாவுல நீயே நடந்துடு. நீளப் பாவாடை போட்டுக்கோ. தூரத்துலேர்ந்து பாக்கறவனுக்கு எது போட்ட காலு, எது பொறந்த காலுன்னு என்ன தெரியப்போவுது?"

ஒரு பெண்ணின் சொந்தக் காலையே செயற்கைக் காலாக அறிவிக்கும் இந்தத் தொலைநோக்கு வேறு எந்த நிர்வாகிக்கு வரும்? மெய்சிலிர்த்துப்போய்க் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"நடக்கணும், அவ்வளவுதானே ஐயா? நடக்கறேன்" என்றாள்.

விழா நாளன்று நல்ல வெயில். பொரித்த மீன், மக்காச்சோள ரொட்டி, குடம் குடமாக இனிப்புத் தேநீர். வெண்ணிற ரிப்பன், சமரசமாக. ஜாக்ஸனிலிருந்து ஒரு பத்திரிகைக்காரப் பெண்கூட வந்திருந்தார். கால் போனவர்களையெல்லாம் சக்கர நாற்காலிகளில் வைத்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தோம், ஊக்கம் பெறட்டும் என்று. சபையின் பியானோக்காரர் வாசிக்க ஆரம்பித்தார். அக்கா வெள்ளைச் சீருடையில், வெள்ளைக் கையுறையில், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, மைய வாசலிலிருந்து மேடைவரை அணிவகுப்பு நடை நடந்து வந்தாள். எங்கேயும் நிற்கவில்லை. எதையும் சரிசெய்வதுபோல் நடிக்கவில்லை. கூட்டம் எழுந்து கைதட்டியது.

பக்னெல் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பாத்தீங்களா? அசல் காலே தோத்துடும்" என்றார்.

அக்கா மேடை நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாக இடது ஷூவைக் கழற்றினாள். காலுறையையும் உருவினாள். பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். நான்கு விரல்கள், ஒரு தழும்பு.

"இது என் காலுதான்" என்றாள். ஒலிவாங்கி தேவைப்படவில்லை, அவள் மீன் ஆலை இரைச்சலில் பேசிப் பழகியவள். "ஆண்டவர் குடுத்தது. இங்க எடுக்கறதா இருந்தாங்க. ஜாக்ஸன்ல அடைப்ப எடுத்தாங்க. ஐயாவுக்கு மெம்ஃபிஸ்ல எடுத்த மாதிரியே. ஐயா, உங்க ஷூவையும் கொஞ்சம் கழட்டுங்க. ரெண்டும் ஒரே வைத்தியந்தான்னு இவங்க பாக்கட்டும்."

பக்னெல் கழற்றவில்லை. தலைவர்கள் பொது இடத்தில் ஷூவைக் கழற்றும் மரபு எங்கள் மாவட்டத்தில் இல்லை.

முன்வரிசையில் ஆமோஸ் டில்லார்ட் இருந்தார். ஆலையில் அக்காவுக்கு அடுத்த மேசையில் மீன் அறுத்தவர். முதலில் வலது கால், அப்புறம் இடது. இரண்டுமே எங்கள் மருத்துவமனையின் கைவண்ணம். அவர் சக்கர நாற்காலியைக் கொஞ்சம் முன்னே தள்ளிக்கொண்டு, அக்காவின் பாதத்தையே பார்த்தபடி கேட்டார்.

"எனக்கும் உள்ள பாத்திருக்கலாமா சிஸ்டர்?"

அக்கா ஷூவைக் கையில் பிடித்தபடி வின்ஸ்லோ பக்கம் திரும்பினாள். கூட்டமும் திரும்பியது. வின்ஸ்லோ நிகழ்ச்சி நிரலை மிக ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார், அடுத்தது நன்றியுரை என்று மட்டுமே அதில் எழுதியிருந்தும். பியானோ எப்போது நின்றது என்று எனக்கு ஞாபகமில்லை.

பத்திரிகைக்காரப் பெண் நேரே என்னிடம் வந்தார். பக்னெலும் என்னைத்தான் பார்த்தார். இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தானே எனக்கு ஒரு நாற்காலியும் மேசையும் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

"இந்த ஆஸ்பத்திரியில எதையும் பாக்காமலே காலை எடுத்துடறாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டார் அவர்.

என் மருத்துவமனையின் மேல் இப்படியொரு அபாண்டத்தைச் சுமத்த நான் அனுமதிக்கவில்லை. கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி, அதிகாரபூர்வமாகவே மறுத்தேன்.

"சுத்தப் பொய் அம்மணி. எங்க ஆஸ்பத்திரியில பாக்காம ஒரு காலைக்கூட எடுத்ததில்ல. யாரோட காலுன்னு பாத்துத்தான் எடுப்போம்."